திருப்புளி பிடித்த கை திருட்டுக் கையா?



"இன்றைக்குப் பூட்டு, நாளைக்கு வீடு!"

ஓர் அறிவியல் கண்காட்சியில், மூன்றாம் படிவ மாணவன் ஒருவனின் மேசைக்கு முன்னால் நின்று பெரியவர் ஒருவர் உதிர்த்த சொல் இது. அவர் கல்லாதவர் அல்லர். என்னைப் போல் ஓர் ஆசிரியர். அடுத்த கால்மணி நேரத்தில் அந்த மேசை வெறுமையாயிற்று. பையன் தன் பொருள்களைப் பையில் திணித்துக்கொண்டு தலைகுனிந்து வெளியேறினான். ஆறாண்டுகள் என் பள்ளியில் படித்த பிள்ளை அவன். நானும் அங்கேதான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமே இதனை எழுதத் தூண்டியது.

அவன் செய்த குற்றம்தான் என்ன? பழுதான மின் பல்துலக்கி ஒன்றின் மோட்டாரைக் கொண்டு, மின்னால் இயங்கும் பூட்டுத் திறப்பான் ஒன்றைச் செய்திருந்தான். தன் சொந்தக் காசில் வாங்கிய பூட்டு ஒன்றின் பக்கத்தை அராவி, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருந்தான். பூட்டு ஏன் திறக்கிறது என்பதை விளக்கும் படமும் வரைந்திருந்தான். அந்தப் படத்தை யாருமே பார்க்கவில்லை!

அவன் விளக்க விரும்பியதை நான் சொல்கிறேன். நம் வீட்டுக் கதவுகளில் உள்ள பூட்டுகளில் பல, 1860களில் அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் செம்மைப்படுத்திய அமைப்பைச் சார்ந்தவை. உள்ளே ஓர் உருளை. அதற்கு மேல் வரிசையாக ஐந்தாறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறு ஊசிகள். அவற்றை அழுத்தும் சுருள்வில். சரியான சாவி நுழைந்தால், இரண்டு ஊசிகளும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒத்து நிற்கும். உருளை தடையின்றிச் சுழலும்.

மின் திறப்பான் சாவியின் வேலையைச் செய்வதில்லை. அது கீழ் ஊசிகளை விரைந்து தட்டுகிறது. கேரம் பலகையில் ஒட்டி நிற்கும் இரண்டு காய்களில் ஒன்றை அடித்தால், அது நின்றுவிட மற்றது ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இங்கும். அடித்த விசை கீழ் ஊசியைக் கடந்து மேல் ஊசிக்குத் தாவுகிறது. மேல் ஊசி துள்ளி எழுகிறது. அந்தக் கண்ணிமைப் பொழுதில் விளிம்பு வெறுமையாகிறது, உருளை திரும்புகிறது. உந்தம் பற்றிப் பாடநூல் பல பக்கங்களில் சொல்வதை ஒரு பல்துலக்கியால் காட்டிவிட்டான் பையன். இது திருட்டா? இயற்பியலா?

"திருடனுக்கு நாமே வழி காட்டுவதா?" என்பர் சிலர். இந்தக் கேள்விக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். இலண்டனில் ஜோசப் பிராமா என்பவரின் கடைச் சாளரத்தில், தம் பூட்டைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறைகூவல் பல்லாண்டுக் காலம் தொங்கிக்கொண்டிருந்தது. 1851-இல் அந்நகரில் நடந்த உலகப் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்பிரட் ஹாப்ஸ், முதலில் புகழ்பெற்ற சப் நிறுவனப் பூட்டை அரைமணி நேரத்திற்குள் திறந்தார். பின்னர்ப் பிராமாவின் பூட்டோடு ஐம்பது மணி நேரத்திற்கும் மேல் போராடி அதனையும் திறந்தார். நகரமே அதிர்ந்தது. இவற்றை வெளிப்படையாகப் பேசலாமா என்று அன்றும் சண்டை நடந்தது. கள்வர்கள் தம் தொழிலை நன்கறிந்தவர்கள். அறியாமல் இருப்பவர்கள் பூட்டை நம்பிப் பணம் கொடுப்பவர்களே என்பது ஹாப்ஸ் தரப்பின் மறுமொழி. விளைவு என்ன? பூட்டுகள் மேம்பட்டன. ஹாப்ஸ் இலண்டனிலேயே பூட்டு நிறுவனம் தொடங்கினார். யாரும் அவரைத் திருடன் என்று துரத்திவிடவில்லை.

இன்னொரு நிகழ்வு. இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு ஆய்வு நடந்த லாஸ் அலாமோசில் பணியாற்றிய இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், கமுக்க ஆவணப் பேழைகளின் பூட்டுகளை ஆராய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தார். பேழை திறந்து கிடக்கும்போது அதன் எண்களில் சிலவற்றைக் கண்டறிந்துவிடலாம் என்பதை ஓர் இராணுவ அதிகாரிக்கு நேரிலேயே செய்து காட்டினார். அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? பேழையைத் திறந்து வைக்காதீர்கள் என்று ஆணையிடவில்லை. ஃபைன்மன் வந்துபோன அறைகளில் எல்லாம் எண்களை மாற்றச் சொன்னார்! குறை பேழையில், பழி காட்டியவர் மேல்.

அன்று அந்த மேசையில் நாங்கள் செய்ததும் அதுதானே?

இதில் எனக்கு மிகவும் வலிக்கும் ஒன்று உண்டு. அன்று மாலை அந்தப் பையனின் தாயார் என்னிடம் வந்து, "ஐயா, நம்ம பிள்ளை கையில இதைப் பார்த்தா வெளியில என்ன நினைப்பாங்க?" என்று கேட்டார். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். நம் இளைஞர் நால்வர் சாலையோரம் நின்றாலே குண்டர் கும்பல் என்று பார்க்கும் கண்கள் இந்நாட்டில் உண்டு. அந்தக் கண்களை நாமே இரவல் வாங்கிப் பொருத்திக்கொண்டு நம் பிள்ளைகளைப் பார்க்கலாமா? அதுதான் என் கேள்வி. வேறொருவர் வீட்டுப் பிள்ளை இதையே செய்தால் 'வருங்காலப் பொறியாளர்' என்று கைதட்டுவோம். நம் பிள்ளை செய்தால் கட்டொழுங்கு ஆசிரியரைத் தேடுவோம்.

கட்டுப்பாடே வேண்டா என்று நான் சொல்லவில்லை. தக்க காரணமின்றி இத்தகைய கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே திரிந்தால் சட்டச் சிக்கல் வரும். அதைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும். இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பல நாடுகளில் சங்கம் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 1997 முதல் அப்படியொரு சங்கம் இயங்குகிறது. இத்தகையோர் போற்றும் நெறிகள் எளியவை: உனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே, பயன்பாட்டில் உள்ள பூட்டைத் தொடாதே. இவற்றோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன்: பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

இந்த நெறிகளைக் கற்பிக்க வேண்டியவர் யார்? நாம்தானே! மேசையிலிருந்து துரத்தப்பட்ட பிள்ளை கருவி செய்வதை நிறுத்திவிடுவான் என்றா எண்ணுகிறீர்கள்? அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்வான். அப்பொழுது நெறி சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

கத்தரிக்கோலும் கூர்மையானதுதான், அதற்காகக் கைவினைப் பாடத்தை எடுத்துவிட்டோமா?

அந்தப் பையனின் வீட்டுக்குச் சென்ற வாரம் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். பல்துலக்கியைப் பார்க்க வேண்டும் என்றேன். தாயாரைத் தயங்கிப் பார்த்துவிட்டு, அலமாரியின் அடியிலிருந்து எடுத்து வந்தான். மூன்றாம் முயற்சியில் பூட்டு 'டக்' என்று திறந்தது. தாயார் சிரித்துவிட்டார்.

அடுத்த கண்காட்சியில் அவனுக்கு மேசை வேண்டும். கேட்கப் போகிறேன். இம்முறை வாய்மூடி நிற்கமாட்டேன்.