கடல் தாண்டும் கடைசிப் பயணம்!

துபாயிலோ சிங்கப்பூரிலோ பணிபுரியும் ஒரு தமிழர் அங்கே உயிரிழந்தால், அவரது உடலைத் தாயகம் கொண்டுவர எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன. உடல் எவ்வாறு பதப்படுத்தப்பட வேண்டும், எத்தகைய பெட்டியில் முத்திரையிடப்பட வேண்டும் என்பதையெல்லாம் 1954-ஆம் ஆண்டின் இந்திய விமானப் பொது சுகாதார விதிகள் வரையறுக்கின்றன. 2023 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் இதற்கென்றே 'இ-கேர்' என்கிற இணையதளத்தையும் தொடங்கியது. விண்ணப்பதாரர், விமான நிறுவனம், விமான நிலையச் சுகாதார அதிகாரி ஆகிய மூவரையும் ஒரே இடத்தில் இணைத்து அனுமதியை விரைவுபடுத்துவதே அதன் நோக்கம்.

அதே தமிழர் அந்தமானில் உயிரிழந்தால்? அவர் இறந்தது இந்திய மண்ணில். கடக்க வேண்டியது எந்த நாட்டின் எல்லையையும் அல்ல. ஆனால், அவரது உடல் சென்னை வந்து சேர 1,200 கிலோ மீட்டருக்கும் அதிகமான கடலைத் தாண்டியாக வேண்டும். மருத்துவரின் இறப்புச் சான்று, காவல்துறையின் தடையில்லாச் சான்று, உடல் பதப்படுத்தப்பட்டதற்கான சான்று, பெட்டி முறையாக மூடப்பட்டதற்கான சான்று என்று ஒவ்வொன்றுக்கும் துக்கத்தில் இருக்கும் குடும்பம் தனித்தனியே அலைய வேண்டும். அதன் பிறகு விமானத்தின் சரக்குப் பகுதியில் இடம் கிடைக்க வேண்டும். கப்பல் என்றால் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். நேற்று வரை பயணியாக இருந்தவர், இன்று எடை பார்த்துக் கட்டணம் விதிக்கப்படும் சரக்கு!

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் இறந்தவரின் நிலையே இதுவென்றால், பிற தீவுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கிரேட் நிகோபாரின் கேம்பல் பே, தலைநகரிலிருந்து 500 கிலோ மீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் உயிரோடிருப்பவர்களே காத்திருக்க வேண்டியதுதான். பதப்படுத்தும் வசதியைச் சிறு தீவுகளில் எதிர்பார்க்க முடியாது. வெப்பமும் ஈரமும் மிகுந்த அந்தத் தட்பவெப்பத்தில் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும், சொந்த ஊரில் இறுதிச் சடங்கு நடத்தும் வாய்ப்பைக் குறைத்துக்கொண்டே போகிறது.

இது ஒருசிலரின் பிரச்னை அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிகோபாரில் வாழ்வோரில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். தலைமுறைகளாக அங்கேயே வேரூன்றியவர்களும் உண்டு. கட்டுமானப் பணிக்கும் வணிகத்துக்கும் சென்று வருபவர்களும் உண்டு. தீவுகளில் தீர்க்க முடியாத நோய்க்குச் சென்னை வந்து சிகிச்சை பெறுவோரும் ஏராளம். அவர்களில் சிலர் இங்கே உயிரிழக்கும்போது, உடல் எதிர்த் திசையில் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது.

இறந்தவரின் உடலுக்குத் தரப்படும் மரியாதை, வாழ்ந்தபோது அவருக்கு இருந்த அந்தஸ்தைப் பொருத்தே அமைகிறது என்பதற்கு அந்தமானின் வரலாறே சாட்சி. 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி அங்கே ஷேர் அலி அஃப்ரிதியால் குத்திக் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோ பிரபுவின் உடல், கடல்களைக் கடந்து அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அதே அந்தமானின் செல்லுலார் சிறையில் 1933-ஆம் ஆண்டு உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்த மகாவீர் சிங்கின் உடலோ, கல் கட்டிக் கடலில் வீசப்பட்டதாக வரலாறு சொல்கிறது. அந்நிய ஆட்சி மேற்கொண்ட பாகுபாடு அது. சுதந்திர இந்தியாவில் பணமும் செல்வாக்கும் அந்தப் பாகுபாட்டைத் தொடர அனுமதிக்கலாகாது.

அரசு நினைத்தால் விதிகளை மனிதாபிமானத்துடன் மாற்ற முடியும் என்பதையும் அந்தமானே நிரூபித்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட தீவுகளில் ஒன்று காச்சல். சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தீவு அது. கடல் கொண்டுபோனவர்களில் பலரது உடல்கள் கிடைக்கவே இல்லை. காணாமல் போனவர் இறந்ததாகக் கருதப்பட ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றது அன்றைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. அதுவரை காத்திருந்தால் வாரிசுகளுக்கு நிவாரணம் ஏது? காவல்துறை விசாரணை, பொது அறிவிப்பு ஆகியவற்றின் அடிப்படையில் இறப்புச் சான்றிதழ் வழங்க 2005-இல் மத்திய அரசு வழிவகுத்தது. இதுதான் விதி மனிதருக்காக என்பதன் பொருள்.

உடலை மீட்காமல் விடுவதே சரியான முடிவாக இருக்கும் தருணங்களும் உண்டு. 2018 நவம்பரில் வடக்கு சென்டினல் தீவில் தடையை மீறி நுழைந்து கொல்லப்பட்ட அமெரிக்கரின் உடல் மீட்கப்படவில்லை. வெளியுலகத் தொடர்பே இல்லாத பழங்குடியினரின் உயிருக்கு ஆபத்து நேரக்கூடாது என்பதே அதற்குக் காரணம். அதுபோன்ற அசாதாரணச் சூழலுக்கே தெளிவான நிலைப்பாடு எடுக்க முடிகிறபோது, அன்றாடம் நிகழும் மரணங்களுக்குத் தெளிவான நடைமுறை வகுக்க முடியாதா என்ன?

கண்ணியமாக வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, இறந்தவரின் உடலுக்கு உரிய மரியாதையையும் உள்ளடக்கியது என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இறந்தவர்களின் உரிமையைக் காக்கத் தனிச் சட்டம் தேவை என்று 2021 மே மாதம், கொரோனா கொடுமையின் உச்சத்தில், தேசிய மனித உரிமை ஆணையமும் பரிந்துரைத்தது. பரிந்துரைகளுக்கு நம் நாட்டில் என்றுமே பஞ்சமில்லை, நிறைவேற்றத்துக்குத்தான் பஞ்சம்.

அந்தமான் நிர்வாகமும் மத்திய உள்துறை, விமானப் போக்குவரத்து, கப்பல் துறை அமைச்சகங்களும் கூடிப் பேசினால் தீர்த்துவிடக் கூடிய பிரச்னைதான் இது. எல்லாச் சான்றுகளுக்கும் ஒரே விண்ணப்பம், அவற்றை வழங்கக் கால வரம்பு, விமானத்திலும் கப்பலிலும் முன்னுரிமை, ஏழைகளுக்குக் கட்டண விலக்கு, மாவட்ட மருத்துவமனைகளில் குளிர்பதன, பதப்படுத்தும் வசதி ஆகியவை உடனடித் தேவை. தீவிலேயே தகனமோ அடக்கமோ செய்ய விரும்பும் குடும்பத்துக்கு, உறவினர் வந்து சேரும் வரை உடலைப் பாதுகாக்கவும் வழி வேண்டும். சென்னைத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் தமிழ்நாடு அரசு ஓர் உதவி மையம் அமைப்பதில் என்ன தடை இருக்கிறது?

அந்தமான் இந்தியாவின் பிரிக்க முடியாத பகுதி என்று மேடைதோறும் முழங்குகிறோம். அங்கே இறக்கும் குடிமகனின் உடல் அலைக்கழிப்பின்றி வீடு வந்து சேரும் நாளில்தான் அந்த முழக்கத்துக்கு அர்த்தம் இருக்கும்.