மூன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வியோடு வருவார்கள். "பையன் படிப்பில் கொஞ்சம் வீக். எந்த சாப்ட்வேர் போட்டால் சரியாகும்?" என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. சாப்ட்வேர் வாங்குவதற்கு முன், பையன் எந்த இடத்தில் நின்றுபோனான் என்று கண்டுபிடியுங்கள் என்பேன்.

காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பையனுக்குப் பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டான். அப்பா எண்ணூர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறார். "படிப்பு ஏறலைன்னா என் வண்டில கிளீனரா வரட்டும்" என்பது அவர் முடிவு. அம்மா விடவில்லை. வீட்டிலேயே படிக்க வைக்கிறேன் என்று நகைச்சீட்டுப் பணத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார். கூடவே ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பாடங்களுக்கான வீடியோ பேக்கேஜ் ஒன்றையும் தவணையில் வாங்கிவிட்டார். கம்ப்யூட்டரை விட அதுதான் விலை அதிகம்!

ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, தினமும் மூணு மணி நேரம் பாக்குறான். ஒண்ணும் ஏறல. கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் கோளாறா?"

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது. ஒரு தாளில் 503இல் இருந்து 248ஐக் கழிக்கச் சொன்னேன். தயங்காமல் 345 என்று எழுதினான். சரியான விடை 255. அடுத்து 52இல் 27 போனால்? 35 என்றான். கவனித்துப் பாருங்கள். இது கவனக்குறைவு இல்லை. ஒவ்வொரு வரிசையிலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறான், அது மேலே இருந்தாலும் சரி, கீழே இருந்தாலும் சரி. கடன் வாங்குவது என்ற ஒன்று அவனிடம் வந்து சேரவே இல்லை. இந்தப் பையன்தான் ஒரு மாதமாக இருபடிச் சமன்பாடு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் வந்து சேரவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது அவன் மூன்றாம் வகுப்பு. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இடையில் பத்தொன்பது மாதம். நான்காம் வகுப்பு முழுவதும், ஐந்தில் பாதியும் போய்விட்டது. கழித்தலும் வகுத்தலும் கையில் படிய வேண்டிய வயது அது. அப்போது அந்த வீட்டில் ஒரே ஒரு செல்போன். அதுவும் அப்பாவோடு லாரியில் போய்விடும். அதன் பிறகு வருடா வருடம் தேர்ச்சி மட்டும் வந்தது. இதில் பையன் தவறு என்ன இருக்கிறது?

இவன் ஒருவன் மட்டும் இல்லை. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் ஆய்வு, 2023இல் 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புறப் பிள்ளைகளைச் சோதித்தது. நான்கில் ஒருவரால் தன் சொந்த மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலின்றி வாசிக்க முடியவில்லை. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் பாதிப்பேர் கூட இல்லை. அந்த ஆய்வின் சோதனைத் தாள்கள் இண்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழிலும் உண்டு. எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என்று வாசிப்புக்கு நான்கு படி. கணக்கில் எண் அறிதலில் தொடங்கி வகுத்தல் வரை. டவுண்லோட் செய்து பிரிண்ட் எடுத்தால் கால் மணி நேரத்தில் உங்கள் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான் என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்பேன்.

எங்கள் பையன் வாசிப்பில் பத்தியில் தடுமாறினான். முதல் இரண்டு எழுத்தைப் பார்ப்பான், மீதியை ஊகித்துவிடுவான். "துறவி" என்று இருந்தால் "துறைமுகம்" என்பான். (நம் ஊர்ப் பெயரும் இப்படி வந்ததுதானே! 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பெயரில் நெசவாளர்களுக்காக ஏற்பட்ட பேட்டை, மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது.)

கம்ப்யூட்டரால் பயனே இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. வதோதராவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் இரண்டு மணி நேரம், இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று கணக்கு விளையாட்டுகள் ஆடியதில் மதிப்பெண் நன்றாகவே உயர்ந்தது. பிற்பாடு 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் செய்த ஆய்வு இது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற சாப்ட்வேரை 6 முதல் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தபோது, ஆறாம் வகுப்பிலேயே கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். அந்த சாப்ட்வேர் பிள்ளை நிற்கும் படியிலிருந்து பாடத்தைத் தொடங்கியது. நாலரை மாதத்தில் பலன் தெரிந்தது. ஆனால் அங்கே நாளொன்றுக்கு நாற்பத்தைந்து நிமிடம் கம்ப்யூட்டர் என்றால், இன்னொரு நாற்பத்தைந்து நிமிடம் ஓர் ஆசிரியரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். விளம்பரங்களில் இந்தப் பாதி வருவதே இல்லை.

345 என்ற விடைக்குப் பெரும்பாலான சாப்ட்வேர்கள் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். அது எப்படி வந்தது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பட்டதாரியாக இருக்கத் தேவையில்லை. பையனின் அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர், கடன் வாங்கிக் கழிக்கத் தெரியும், போதும். நூறு ரூபாய், பத்து ரூபாய் நோட்டு, ஒரு ரூபாய் நாணயங்களை வைத்து அவர்தான் விளக்கினார். நூறை மாற்றிப் பத்துப் பத்து ரூபாய் ஆக்கினால்தான் சில்லறை கொடுக்க முடியும் என்பது கடைக்குப் போகும் பையனுக்கு உடனே புரிந்தது.

கம்ப்யூட்டருக்கு நாங்கள் கொடுத்தது எடுபிடி வேலை. எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், இரண்டிலும் ரேண்ட்பிட்வீன் என்ற பங்ஷன் உள்ளது. சம அடையாளம் போட்டு, ரேண்ட், பிட்வீன் என்ற இரண்டு சொற்களையும் இடைவெளியின்றி ஆங்கிலத்தில் டைப் செய்து, அடைப்புக்குள் 501 கமா 999 என்று கொடுங்கள். பக்கத்து செல்லில் அதே போல் 101 கமா 499. மூன்றாவது செல்லில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும் பார்முலா. மூன்றையும் இருபது வரிசைக்குக் கீழே இழுத்துவிட்டால் கழித்தல் கணக்கு ரெடி. எப்9 கீயை அழுத்தினால் புதிதாக இருபது கணக்கு வரும். ஒரே ஒரு எச்சரிக்கை. விடையையும் அப்போதே சேர்த்து பிரிண்ட் எடுத்து அந்த வரிசையைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். பைலை மறுபடி திறந்தால் எண்கள் மாறியிருக்கும். முதல் நாள் நான் இதில் மாட்டிக்கொண்டேன்.

வாசிப்புக்கு, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இலவசமாக உள்ளன. முதல் நாள் பையன் முறைத்தான். "இன்னா அங்கிள், பாப்பா கதையா? பசங்க பாத்தா அசிங்கம்." நியாயம்தான். பதினான்கு வயதில் சின்னப் பிள்ளைப் புத்தகத்தைக் கையில் பிடிக்கக் கூசும். ஆனால் கம்ப்யூட்டரில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? விண்டோஸில் உள்ள சவுண்ட் ரெக்கார்டரில் தினம் ஒரு நிமிடம் வாசித்துப் பதிவு செய்யச் சொன்னேன், தேதியே பைலின் பெயர். மூன்றாவது வாரம் பழைய பைலைப் போட்டுக் கேட்டுவிட்டு அவனே சிரித்தான்.

பள்ளியை விட்டு நிறுத்துவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை இதே குறைக்காக 2025இல் திறன் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் அங்கே விசாரியுங்கள். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பதினான்கு வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். பாடங்களை ஒவ்வொன்றாக, ஐந்து ஆண்டுகளுக்குள் எழுதி முடிக்க அனுமதி உண்டு. அது தருவது அவகாசம் மட்டும்தான். கழித்தலை நீங்கள்தான் வீட்டில் சொல்லித் தர வேண்டும்.

மூன்று மாதம் ஆகிறது. கழித்தல் முடிந்துவிட்டது. கதையை நிறுத்தி நிறுத்தியாவது வாசித்துவிடுகிறான். இப்போது வகுத்தலில் நிற்கிறான், அங்கே எட்டாம் வாய்ப்பாடு உதைக்கிறது. அப்பா இன்னும் கிளீனர் பேச்சை விடவில்லை, ஆனால் போன வாரம் டீசல் பில் கணக்கை அவனிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார். வீடியோ பேக்கேஜுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.