ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

நன்றாக இயங்கிய கணிப்பொறியில் இரண்டாவது ஹார்டு டிஸ்க் ஒன்றைப் பொருத்துகிறோம். கணிப்பொறி துவங்க மறுக்கிறது. உடனே "புது டிஸ்க் கெட்டுவிட்டது" என்று தீர்ப்புச் சொல்வது சரியா? அது அறிவியல் ஆகாது என்பதே என் கருத்து.

காரணங்கள் பல இருக்கலாம். டிஸ்க்கின் தட்டுகள் சுழலத் தொடங்கும் வேளையில் 12 வோல்ட் இணைப்பில் சுமார் 2 ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படும். அதாவது 24 வாட். நலிந்த எஸ்.எம்.பி.எஸ். இதைத் தாங்காது. அல்லது, இயங்குதளம் இல்லாத புது டிஸ்க்கைப் பயாஸ் முதலில் நாடியிருக்கலாம். பழைய ஐ.டி.இ. வகையில், ஒரே கேபிளில் உள்ள இரு டிஸ்க்குகளையும் 'மாஸ்டர்' என அமைத்திருந்தாலும் இதே கதிதான்.

எது உண்மை? மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் புது டிஸ்க்கைக் கழற்றுங்கள். கணிப்பொறி துவங்குகிறதா? மீண்டும் நிறுத்தி, பவர் கேபிளை மட்டும் இணையுங்கள். துவங்கினால் எஸ்.எம்.பி.எஸ். மீதுள்ள ஐயம் பெரும்பாலும் நீங்கும். அடுத்து, டேட்டா கேபிளையும் இணையுங்கள். இப்போது நின்றுவிட்டால் பயாஸில் துவக்க வரிசையைப் பாருங்கள்.

ஓம் விதிச் சோதனையில் மின்னழுத்தத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைக்கிறோம் அல்லவா? அதே முறைதான் இது. எனவே, ஒவ்வொரு பள்ளியிலும் பழைய கணிப்பொறி ஒன்றையாவது, ஆசிரியர் மேற்பார்வையில், மாணவர்கள் திறந்து பழுது பார்க்க அனுமதிக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கலாகாது. அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும்.