யாருக்கு ஆறுதல்?

1930-களிலிருந்து 1945 வரை சப்பானியப் படை, கொரியா, சீனா, பிலிப்பைன்சு முதலிய நாட்டுப் பெண்டிரைப் பாசறை விடுதிகளில் அடைத்துச் சிதைத்தது. அக்கொடுமைக்கு ஆளானோர்க்கு அப்படை சூட்டிய பெயர் யாது? 'ஆறுதல் மகளிர்'! கொலைக்களத்தை மணவறை என்பானும் நாணும் சொல் இது. யாருக்கு ஆறுதல்? புண்படுத்தியவனுக்கா, புண்பட்டவளுக்கா?

அரை நூற்றாண்டு அப்பெண்டிர் வாய் திறவாதிருந்தனர். 1991 ஆகத்து 14-இல் கிம் ஆக்சூன் அம்மையார் தம் பெயரும் முகமும் மறையாது உலகறிய உரைத்தார். 1992 முதல் அறிவன்கிழமைதோறும் சியோலில் சப்பானியத் தூதரகத்தின்முன் போராட்டம். அதன் ஆயிரமாவது நாளாகிய 2011 திசம்பர் 14-இல் எழுந்ததே அவ்வெண்கலச் சிறுமியின் சிலை.

அதனைச் சற்றே நோக்குமின். அலறலில்லை, கண்ணீரில்லை. ஒழுங்கின்றி வெட்டுண்ட கூந்தல். தோளில் ஒரு சிறு பறவை. நிலத்தில் முழுதும் ஊன்றாத வெறுங்கால்கள். சிறுமி அமர்ந்திருக்கத் தரையில் வீழ்ந்த நிழலோ மூதாட்டியினுடையது! அருகே ஓர் இருக்கை வெறுமையாயுள்ளது; வருவோர் அமர்வதற்கு. கைகளை அமைதியாய்க் கோத்து வைக்கவே சிற்பியர் முதலில் எண்ணினராம். சப்பான் எதிர்க்கவே, அவை இறுகிய கைமுட்டிகளாயின.

படையின் பங்கை 1993-இல் கோனோ அறிக்கையில் சப்பானிய அரசே ஒப்பியது. ஒப்பியபின் ஒரு சிறுமியின் சிலைக்கு அஞ்சுவானேன்? 2015 திசம்பரில் 100 கோடி யென் தருவதாக உடன்படிக்கை செய்துகொண்டது. சிலைபற்றிய அதன் கவலையைத் தீர்க்க முயல்வதாகக் கொரிய அரசும் அதில் உறுதி கூறியது. அழிவுக்கு ஈடா, மறதிக்கு விலையா? மணிலாவில் 2017-இல் நிறுவிய சிலையோ அடுத்த ஆண்டே அகற்றப்பட்டது. ஆனால் சியோல் மக்கள் 2017 ஆகத்தில் இச்சிலையின் படிகளை 151-ஆம் எண் பேருந்துகளின் இருக்கையில் அமர்த்தி ஊர்வலம் வரச்செய்தனர். அகற்றச் சொன்ன சிலை நகரமெங்கும் நகர்ந்தது!

நம் செய்தித்தாள்கள் செய்வது யாது? 'ஆறுதல் பெண்கள்' என்று ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து, கொடியவனின் பொய்யைத் தமிழுக்கும் ஏற்றுகின்றன. போதாக்குறைக்குக் 'கற்பழிப்பு' என்றொரு சொல்! கற்பு உள்ளத்துத் திண்மை. அதனை அயலான் கை எங்ஙனம் அழிக்கும்? அழிந்தது அவன் மாந்தத்தன்மையன்றோ! வன்புணர்வு என்றெழுதுக. அம்மகளிரைப் 'பாலடிமைப்படுத்தப்பட்ட பெண்டிர்' என்றெழுதுக. தலைப்பு நீளுமென்று முனகும் இதழாசிரியர், திரைப்படச் செய்தியில் ஒரு வரி குறைத்துக்கொள்ளட்டும்.