ஆவணத்திற்கும் சுழிப்பிழை உண்டு



அறிவியல் பிரிவில் படிக்கும் ஒருவரிடம் வரலாற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “அது உருப்போடும் பாடம் சார்” என்ற விடை உடனே வரும். அரசர் பெயர், போர் நடந்த ஆண்டு, உடன்படிக்கையின் விதிகள் ஆகியவற்றை நெட்டுருச் செய்து தாளில் கொட்டிவிட்டால் போதும் என்பது பலருடைய எண்ணம். இந்த எண்ணத்தோடு சென்றால் தடுக்கி விழச் செய்யும் ஒரு தேர்வைப் பற்றி இங்கே உங்களோடு பேச விரும்புகிறேன்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ‘அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்’ என்றொரு திட்டம் உண்டு. பள்ளியில் இருக்கும்போதே கல்லூரித் தொடக்க வகுப்பின் தரத்தில் ஒரு பாடத்தைப் படித்து, காலேஜ் போர்டு என்னும் அமைப்பு மே மாதத்தில் நடத்தும் தேர்வை எழுதலாம். அங்குள்ள உறவினர் பிள்ளைகள் ‘ஏ.பி.’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் ஐரோப்பிய வரலாறும் ஒரு பாடம். ஏறத்தாழ 1450 தொடங்கி இக்காலம் வரையுள்ள செய்திகள் அதில் அடங்கும்.

2025-ஆம் ஆண்டுத் தேர்வு 3 மணி 15 நிமிடம் நடந்தது. கொள்குறி வினாக்கள் 55, சிறு வினாக்கள் 3, கட்டுரைகள் 2. இவற்றுள் ஒரு கட்டுரைதான் என் கவனத்தை ஈர்த்தது. மாணவர் முன் 7 ஆவணங்களை வைக்கிறார்கள். கடிதம், சட்டம், சொற்பொழிவு, கேலிச்சித்திரம் என எதுவாகவும் இருக்கலாம். 15 நிமிடம் படித்து, 45 நிமிடம் எழுதி, அவற்றைச் சான்றாகக் கொண்டு ஒரு முடிவை நிலைநாட்ட வேண்டும். மொத்த மதிப்பில் 25 விழுக்காடு இந்த ஒரே கட்டுரைக்கு. ஆவணம் சொல்வதைத் திருப்பிச் சொன்னால் மட்டும் போதாது. அதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எந்தச் சூழலில், என்ன நோக்கத்தோடு எழுதினார் என்று குறைந்தது இரண்டு ஆவணங்களையாவது ஆராய்ந்து காட்டினால்தான் அதற்குரிய மதிப்பெண் கிடைக்கும்.

இது நமக்குப் பழக்கமான வேலை அல்லவா? திருகு அளவியைக் கையில் எடுத்ததும் கம்பியின் விட்டத்தை அளக்கத் தொடங்கிவிடுகிறோமா? முதலில் சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்க்கிறோம். பிறகுதான் அளவீடு.

ஓர் உண்மையான எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அறிவியல் புரட்சி அந்தப் பாடத்திட்டத்தில் உள்ள பகுதியே. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கைக்காகக் கலிலியோ 1633-இல் ரோமாபுரியில் விசாரிக்கப்பட்டார் என்பது நீங்கள் அறிந்ததே. அந்த வழக்கின் முடிச்சு 17 ஆண்டுகளுக்கு முன்பே விழுந்துவிட்டது. 1616 பிப்ரவரி 26 அன்று கார்டினல் பெல்லார்மின் கலிலியோவை அழைத்து எச்சரித்தார். அன்று அவரிடம் சரியாக என்ன சொல்லப்பட்டது? இதற்கு இரண்டு ஆவணங்கள் உள்ளன. இரண்டும் ஒத்துப்போகவில்லை!

ஒன்று, அதே ஆண்டு மே 26 அன்று பெல்லார்மின் தம் கையால் எழுதிக் கலிலியோவிடம் கொடுத்த சான்றிதழ். கோப்பர்நிக்கசின் கொள்கை மறைநூலுக்கு முரணானது, அதனை ஏற்கவோ ஆதரித்து வாதிடவோ கூடாது என்ற அறிவிப்பு மட்டுமே அவருக்குத் தெரிவிக்கப்பட்டது என்கிறது அது. மற்றொன்று, விசாரணை மன்றத்தின் கோப்பில் இருந்த குறிப்பு. அக்கொள்கையைப் பேச்சிலோ எழுத்திலோ எவ்வகையிலும் ஏற்கவோ கற்பிக்கவோ ஆதரிக்கவோ கூடாது என்று கட்டளையிடப்பட்டதாக அதில் காண்கிறது. ‘எவ்வகையிலும்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் வழக்கே தொங்கியது. இரண்டு பக்க வாதங்களையும் உரையாடலாக அமைத்து 1632-இல் கலிலியோ வெளியிட்ட நூல், முதல் ஆவணத்தின்படி தப்பித்தாலும் தப்பிக்கலாம். இரண்டாவதன்படி தப்பவே முடியாது.

எதை நம்புவது? அவசரப்படாதீர்கள். சான்றிதழ் ஏன் பிறந்தது? கலிலியோ தம் கொள்கையைக் கைவிடுவதாக உறுதிமொழி செய்து தண்டனையும் பெற்றார் என்று வதந்தி பரவியது. அதை மறுக்க அவரே கேட்டுப் பெற்ற தாள் அது. ஒருவருடைய நற்பெயரைக் காக்க எழுதிய தாளில் கடுமையான சொற்கள் குறைந்திருப்பது இயல்பே. கோப்புக் குறிப்போ அலுவலகத்தின் உள்ளே இருப்பதற்காக எழுதப்பட்டது. அதில் யாருடைய கையொப்பமும் இல்லை. விசாரணையில் கலிலியோ தம்மிடமிருந்த சான்றிதழின் நகலை எடுத்துக் காட்டினார். ஆனால் அதை எழுதிய பெல்லார்மின் 1621-இலேயே காலமாகிவிட்டார். அக்குறிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு.

ஒரே நாள், ஒரே அறை, இரண்டு அளவீடுகள்! இதை ஒருமுறை ஆழ்ந்து படித்த மாணவர் அந்தக் கட்டுரை வினாவுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஆயினும் ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. திருகு அளவியின் சுழிப்பிழை மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். கூட்டியோ கழித்தோ சரிசெய்யலாம். எழுதியவரின் சார்பை அப்படிக் கழிக்க வழியில்லை. தொடர்பற்ற வேறொருவர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. சார்புடைய ஆவணம் என்று தூக்கி எறிவதும் தவறு. வதந்தியை மறுக்க ஒரு கார்டினலின் கையெழுத்து தேவைப்பட்டது என்பதே ஒரு வரலாற்றுச் செய்திதானே!

அப்படியானால் ஆண்டுகளை மனத்தில் கொள்ளவே வேண்டாமா? வேண்டும். முன்பின் தெரியாமல் காரண காரியம் பேச முடியாது. அறிவியல் புரட்சியால்தான் தொழிற்புரட்சி வந்தது என்று ஒருவர் எளிதாக எழுதிவிடலாம். நியூகாமனின் நீராவி எந்திரம் 1712-இல் இங்கிலாந்தின் டட்லி அருகே நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து நீரை இறைத்தது. ஜேம்ஸ் வாட் தனிக் குளிர்கலத்திற்கு உரிமம் பெற்றது 1769. வெப்ப எந்திரங்களின் அடிப்படைக் கோட்பாட்டைக் கார்னோ வெளியிட்டதோ 1824! எந்திரம் முந்தியது, கோட்பாடு பிந்தியது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. நியூகாமனின் எந்திரத்தில் உந்தியைக் கீழே தள்ளியது காற்றழுத்தம். அந்த அழுத்தத்தை 1643-லேயே டாரிசெல்லி பாதரசக் குழாயில் காட்டிவிட்டார். இந்த நான்கு ஆண்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்ப்பவர் “ஆம்” என்றோ “இல்லை” என்றோ ஒரே சொல்லில் எழுதமாட்டார்.

ஆண்டுகளிலும் எச்சரிக்கை தேவை. கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று படித்திருப்பீர்கள். கலிலியோ மறைந்தது 1642 சனவரி 8, கிரிகோரியன் நாட்காட்டிப்படி. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, அப்போது இங்கிலாந்தில் வழங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி. கிரிகோரியன் கணக்கில் அது 1643 சனவரி 4. இரண்டு அளவுகோல்களைக் கலந்ததால் பிறந்த அதிசயம் இது. இங்கிலாந்து 1752-இலும் ரஷ்யா 1918-இலும்தான் புதிய நாட்காட்டிக்கு மாறின. 1917-இன் ‘அக்டோபர் புரட்சி’ நம் கணக்கில் நவம்பர் 7 அன்று நடந்ததும் இதனால்தான்.

இந்தத் தேர்வைக் குறையற்றது என்று நான் புகழவில்லை. ஏழு ஆவணங்களையும் வெட்டிச் சுருக்கித் தருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் முடிவு கேட்கிறார்கள். ஆராய்ச்சியாளர் ஒரே கோப்போடு ஆண்டுக்கணக்கில் போராடுவார். மேலும், மதிப்பீட்டு முறை தெரிந்துவிட்டால் “இதன் ஆசிரியர் சார்புடையவர், எனவே...” என்று அச்சில் வார்த்த வாக்கியங்கள் வரத் தொடங்கிவிடும். நம் செய்முறை ஏடுகளில் ‘இடமாறு தோற்றப்பிழை தவிர்க்கப்பட்டது’ என்று எழுதுகிறோமே, அதைப் போல. எத்தனை பேர் உண்மையில் குனிந்து பார்த்துத் தவிர்த்தீர்கள்?

ஆகவே, படிப்பவருக்கு என் யோசனை எளியது. நாளுக்கு ஓர் ஆவணம் போதும். முதலில் எழுதியவர் பெயரையும் ஆண்டையும் தாளால் மறைத்துக்கொண்டு படியுங்கள். யார், எப்போது எழுதியிருப்பார் என்று ஊகித்து, எந்தச் சொல்லால் அப்படி ஊகித்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். பிறகு தாளை விலக்குங்கள். ஊகம் தவறினால் அந்தச் சொல்லிடம் மறுபடி போங்கள். பயன் அங்கேதான் மிகுதி.

தொடங்குவதற்கு ஒன்று தருகிறேன். பைசா நகரச் சாய்ந்த கோபுரத்தின் மேலிருந்து கலிலியோ எடைகளைப் போட்ட கதையை நமக்குச் சொன்னவர் அவருடைய மாணவர் விவியானி. அவர் பிறந்தது 1622. கலிலியோ பைசாவில் பேராசிரியராக இருந்தது 1589 முதல் 1592 வரை. விவியானி தம் ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியது 1654. அது அச்சேறியது 1717. இந்த ஆவணத்தை நீங்கள் எப்படி எடைபோடுவீர்கள்?