படிகாரக் கசடு யார் பொறுப்பு?



ஒன்பதாம் வகுப்பில் கலங்கல் தண்ணீரில் படிகாரம் போட்டுக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? அரை மணி நேரத்தில் மேலே தெளிந்த நீர், அடியில் பஞ்சு பஞ்சாக ஒரு படிவு. தெளிந்த நீரைப் பற்றித் தேர்வில் கேள்வி கேட்டேன். படிவை ஜன்னல் வழியே கொட்டச் சொன்னேன். அது என் தவறு. முகவையில் இருந்தது ஒரு கரண்டிச் சேறு என்பதால் தப்பித்தேன்.

போன வாரம், கட்டடப் பொறியாளராக இருக்கும் நம் மாணவர் ஒருவரிடம் கேட்டேன்: "குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடைச் செங்கல்லிலும் பேவர் பிளாக்கிலும் சேர்க்கலாமே, ஏன்ப்பா செய்ய மாட்டேங்கறீங்க?" அவர் சிரித்தார். "சார், அதெல்லாம் லேப்ல நல்லா இருக்கும். சைட்ல நடக்காது."

இந்தப் பதிலுக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன்.

கணக்கைப் பாருங்கள். செம்பரம்பாக்கம் நிலையத்தின் திறன் நாளுக்கு 53 கோடி லிட்டர். சேறும் படிகாரப் படிவும் சேர்த்து லிட்டருக்கு 25 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். மழைக்காலக் கலங்கலில் இன்னும் கூடும். முழுத் திறனில் ஓடினால் நாளுக்கு 13 டன் கசடு. அதுவும் உலர்ந்த எடை! தொட்டியிலிருந்து வரும்போது நூற்றுக்கு 97 பங்கு தண்ணீர் என்றால், 440 டன் சகதி. ஒரே நிலையம், ஒரே நாள்.

அதில் இருப்பது என்ன? சிலிக்கா, அலுமினா, கொஞ்சம் இரும்பு ஆக்சைடு, கொஞ்சம் கரிமப் பொருள். ஏறக்குறைய களிமண்ணின் சரக்குதான். செங்கல்லுக்காக ஏரியையும் வயலையும் தோண்டுகிறோம். அதே ஏரித் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த மண்ணைப் பல ஊர்களில் ஓடையில் விடுகிறோம். இதற்குப் பெயர் நிர்வாகமாம்.

மாணவர் சொன்னதில் பாதி உண்மை, மறுக்கவில்லை. கசடு தண்ணீரை உறிஞ்சும். அதிலுள்ள கரிமப் பொருள் சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். அளவு கூடினால் வலிமை குறையும். ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் அதன் சேர்மானமும் மாறும். ஆகவே "பசுமை கான்கிரீட்" என்று யாராவது தூணுக்கும் உத்தரத்துக்கும் இதைக் கலந்து விற்க வந்தால் விரட்டி விடுங்கள். நான் கேட்பது நடைபாதைக் கல்லும் சுற்றுச்சுவர்க் கல்லும். நன்றாக உலர்த்தி, மணலில் ஒரு சிறு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம். 600 முதல் 800 டிகிரி செல்சியஸில் சுட்டு அரைத்தால் சிமென்டிலேயே ஒரு பங்கை ஈடு செய்யும் பொடியாகவும் ஆகும். ஆனால் அதற்கு எரிபொருள் செலவு உண்டு. அதனால் முதலில் செங்கல் சூளைக்கும் சிமென்ட் ஆலைக்கும் போகட்டும் என்பேன். அங்கே தீ ஏற்கெனவே எரிகிறது, கரிமப் பொருளும் அதில் எரிந்துவிடும். உலோகங்கள் கசிகிறதா என்ற சோதனை மட்டும் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியாகக் கட்டாயம்.

அனல்மின் நிலையச் சாம்பலையும் ஒரு காலத்தில் வெறும் குப்பையாகத்தான் குவித்து வைத்தார்கள். 1999இல் மத்திய அரசு அறிவிக்கை போட்டது: அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் கலக்க வேண்டும். 2003இல் அந்தத் தூரத்தை 100 கிலோமீட்டர் ஆக்கினார்கள். இன்று உங்களில் எத்தனை பேர் வீடு ஃபிளை ஆஷ் கல்லில் நிற்கிறது! சாம்பலின் வேதியியல் 1999இல் மாறவில்லை. சட்டம் வந்தது, சைட்டில் நடந்தது.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கசடை உண்டாக்குவது அரசும் உள்ளாட்சியும். ஊர் முழுக்கப் பேவர் பிளாக் வாங்கிப் பதிப்பதும் அவர்களே. வலது கையில் இருப்பதை இடது கைக்கு மாற்ற டெண்டரில் ஒரு வரி போதும்: "நடைபாதைக் கல்லில் இத்தனை சதவீதம், சோதித்த, உலர்த்திய கசடு இருக்க வேண்டும்." அந்த வரியை எழுத ஆள் இல்லாததற்குக் காங்கிரீட்டைக் குறை சொல்லாதீர்கள்.

நகராட்சியிலும் குடிநீர் வாரியத்திலும் பொதுப்பணித் துறையிலும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் நிலையத்துக் கசடு இப்போது எங்கே போகிறது? கீழே எழுதுங்கள். போனிலும் சொல்லலாம், மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் வேண்டாம், தூங்குவேன்.