நின்றுபோன மாடலும் நிற்காத ரீலும்

“அந்த மாடல் இப்ப வர்றதில்லண்ணே, கம்பெனியே நிறுத்திட்டான்.” தூண்டில் சாமான் கடையில் இந்தப் பதிலைக் கேட்டதும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ரீல்மேல்கூடச் சந்தேகம் வந்துவிடுகிறது. தென் அந்தமானின் சௌல்தாரியில் இருப்பவருக்குக் கவலை இன்னும் அதிகம். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட போர்ட் பிளேரின் கடைத்தெருவில் ஒரு சாமான் கிடைக்காவிட்டால், சென்னையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். நடுவில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல்; கப்பலில் மூன்று நாள் ஆகும். விரல்நுனி அளவு ஸ்பிரிங் ஒன்றுக்காக ஒரு பருவமே கைநழுவலாம். அதனால் ‘நிறுத்திட்டான்’ என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், கவலை யாருக்கு? 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பக்கத்துத் தாழ்ந்த வயல்களில் கடல்நீர் ஏறி நின்றுவிட்டது. இப்படிப்பட்ட உவர்நீரில் கரையோரமாக நின்று கொடுவா பிடிப்பவர்களுக்கு, கையில் சுற்றிய தங்கூஸ் நரம்பும் நல்ல முள்ளும் போதும். எந்தக் கம்பெனி எதை நிறுத்தினாலும் அவர்களுக்குக் கவலையில்லை. பவளப்பாறை ஓரம் படகை நிறுத்தி, ஜிடி என்று சொல்லப்படும் பெரிய பாறைமீனுக்குப் பாப்பர் என்ற போலி இரையை வீசுகிறவர்களும், அவர்களைக் கூட்டிப்போகும் படகுக்காரர்களும்தான் மாடல் பெயர்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள்.

ஷிமானோவின் ஸ்டெல்லா எஸ்டபிள்யூவை எடுத்துக்கொள்வோம். இந்தப் பெயர் நிற்கவேயில்லை. ஆனால் 2008-ல் ஒன்று, 2013-ல் ஒன்று, 2019-20-ல் ஒன்று என்று உள்ளே இருக்கும் இயந்திரம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழகியவர்கள் வெறுமனே ஸ்டெல்லா என்று சொல்வதில்லை. ‘எட்டு’, ‘பதிமூணு’, ‘இருபது’ என்று ஆண்டைச் சேர்த்தே சொல்கிறார்கள். மேலே 14000 என்ற அதே எண் இருப்பதால் ஒன்றின் ஸ்பூல் மற்றதில் உட்காரும் என்று நம்பிப் பணம் கொடுத்துவிடக் கூடாது. கடைக்காரர் ‘ஸ்டெல்லா வருதே’ என்பார். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் பழைய ஸ்டெல்லாக்காரருக்கு அதனால் பயனில்லை.

இதற்கு நேர்மாறான கதை, ஸ்வீடனில் 1950-களின் தொடக்கத்தில் பிறந்த ஆபுவின் அம்பாசடர் ரீல். அதில் எத்தனையோ மாடல்கள் வந்தன, போயின. ஆனால் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாததால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்துவது சகஜம். உங்கள் மாடல் பட்டியலில் இல்லாவிட்டாலும் ரீலுக்கு ஆயுள் இருக்கிறது. மூன்றாவது வகை, பிரான்சின் குளூஸ் நகரில் லட்சக்கணக்கில் உருவான மிட்செல் 300. அந்த ஆலைக்காலம் முடிந்தது. பெயர் மட்டும் கைமாறி வேறு ரீல்களின்மேல் ஏறிக்கொண்டது. தாத்தாவின் மிட்செலுக்குப் புது மிட்செலின் உதிரியை வாங்கி வந்தால் மேசைமேல் வைத்து அழகு பார்க்கலாம், அவ்வளவுதான்.

சரி, ஓடுகிற மாடலை ஏன் நிறுத்துகிறார்கள்? எல்லாமே காசு பறிக்கும் தந்திரம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பொருளே மாறியதால் நின்றவை நிறைய. ஒரு காலத்தில் மேல்நாட்டில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிய தூண்டில் ராட் செய்ய நம் கல்கத்தா வழியாகப் போன மூங்கிலைத்தான் நம்பியிருந்தார்கள். பிறகு தென்சீனத்து டோங்கின் மூங்கில் அதைத் தள்ளிவிட்டது. 1950-ல் சீனாவோடு வணிகத்துக்கு அமெரிக்கா தடை போட்டதும் டோங்கின் வரத்து அறுந்தது. அப்போதுதான் தலையெடுத்திருந்த கண்ணாடியிழை ராட் அந்த இடத்தைப் பிடித்தது. 1970-களில் கார்பன் வந்து கண்ணாடியிழையை ஓரங்கட்டியது. ஒவ்வொரு முறையும் மாடல் பட்டியல் மொத்தமாகக் காலியாகிப் புதிதாக எழுதப்பட்டது.

நம் காலத்தில் அப்படிப் பட்டியலைக் கலைத்தது பின்னல் நரம்பு. பாலிஎதிலீன் இழைகளைப் பின்னிச் செய்வதால் அதைப் பிஇ என்கிறார்கள். பிஇ 1 என்றால் ஏறத்தாழ 0.165 மி.மீ. தடிமன், பிஇ 8 என்றால் 0.47 மி.மீ. அதே பலமுள்ள நைலான் நரம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமன். தடிமன் குறைந்ததும் சின்ன ஸ்பூலில் நிறைய நரம்பு ஏறியது. ஆனால் நைலானுக்காகச் செய்த வழவழப்பான ஸ்பூலில் பின்னல் நரம்பு பிடிக்காமல் மொத்தமாகச் சுழன்றது, இழுவை கூடும்போது அடிச்சுற்றுக்குள் புதைந்தது. நைலான் நீண்டுகொடுக்கும், பிஇ கொடுக்காது. ஜிடி பாப்பரை அடிக்கும் அந்த முதல் உதறல் முழுக்க ராட்டிலும் பல்சக்கரத்திலும், நரம்பை இறுக்கிப் பிடிக்கும் டிராகிலும் இறங்கும். ஆகவே ஸ்பூல், பல்சக்கரம், டிராக் எல்லாம் மாறின. ராட்டின் அடியில் பவுண்டு எழுதியிருந்த இடத்தில் பிஇ எண்ணும் வந்தது. இந்த மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வணிகக் காரணமும் உண்டு. பென், ஆபு கார்சியா, மிட்செல், ஷேக்ஸ்பியர், ஃபென்விக் என்று கடையில் தனித்தனியாகத் தொங்கும் பெயர்கள் எல்லாம் ப்யூர் ஃபிஷிங் என்ற ஒரே குடையின் கீழ் இருப்பவை. ஒரே விலையில் தன் சரக்கோடு தன் சரக்கே மோதுவதை எந்த முதலாளியும் நெடுநாள் பொறுக்க மாட்டார். சில ‘புது மாடல்’கள் புதுப் பெயின்ட்டைத் தவிர வேறில்லை என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. புதிய வடிவமைப்பில் ரீலைத் திறக்கும் உரிமை மெல்ல நம் கையைவிட்டுப் போகிறது. டைவாவின் மேக்சீல்ட் ரீல்களில் காந்த எண்ணெய்ப் படலம் ஒன்று சுழலும் அச்சைச் சுற்றி நின்று உப்புநீரைத் தடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழக்கதோஷத்தில் மண்ணெண்ணெயில் போட்டு அலசினால் அந்தப் படலம் கரைந்து போய்விடும். மறுபடி வைக்கக் கம்பெனி சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். அதே கம்பெனியின் 2020-ல் வந்த சால்டிகாவில் பக்கவாட்டு மூடியைத் திருகாணிகள் பிடிக்கவில்லை. மூடியே பாட்டில் மூடிபோல உடலுக்குள் திருகி இறங்குகிறது. திருகாணிக்கு விட்ட இடம் மிச்சமானதால் பெரிய பல்சக்கரம் வைக்க முடிந்தது, வலிமையும் கூடியது. ஆனால் அதைக் கழற்ற அதற்கென்றே ஒரு சாவி வேண்டும். சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கும் ஊரில் இது பெரிய விஷயமில்லை. மாலையில் படகைக் கட்டிவிட்டு ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்து, காலைக்குள் ரீலைச் சரிசெய்ய வேண்டிய தீவில், இது இழப்புதான். அடிக்கடி கெடாத ரீல், எளிதில் திறக்கிற ரீல் இரண்டில் ஒன்றுதான் என்றால், படகில் வாடிக்கையாளருக்குக் கொடுக்க நான் இரண்டாவதையே வாங்கச் சொல்வேன்.

மாடல் நின்றது என்று கேட்டதும் பார்க்க வேண்டியது உதிரியை. ரீலில் சீக்கிரம் கெடுவது நரம்பு வளைந்து திரும்பும் லைன் ரோலரின் பேரிங். சுற்றும்போது கீச்சிட்டால் உப்பு உள்ளே போய்விட்டது என்று பொருள். கைப்பிடிக் குமிழிலும் பேரிங் உண்டு. 4 மி.மீ. உள்விட்டம், 7 மி.மீ. வெளிவிட்டம், 2.5 மி.மீ. தடிமன் என்ற அளவு ஷிமானோ, டைவா இரண்டிலும் பரவலாக வருவது. இப்படி அளவு சொல்லி வாங்கும் பேரிங்கை எந்த ரீல் கம்பெனியாலும் நிறுத்த முடியாது. ராட்டின் வளையங்களும் அப்படித்தான்: உடைந்ததை எடுத்துவிட்டு அதே அளவு ஃபுஜி வளையத்தை நூல் சுற்றி எபாக்சி பூசி ஒட்டலாம். மாற்று இல்லாதவை மெயின் கியர், அதோடு ஜோடி சேரும் பினியன், பின்சுழற்சியைத் தடுக்கும் ஒன்வே கிளட்ச், ரோட்டர், ராட்டில் வெறும் தண்டு. மாடல் நின்றபிறகும் சில ஆண்டு இவை கிடைக்கும், பிறகு கிடைக்காது. எனவே நிறுத்தின செய்தி வந்த கையோடு கிளட்ச் ஒன்று, பெயில் ஸ்பிரிங் இரண்டு, கியர் ஜோடி ஒன்று வாங்கி வைத்துவிடலாம். தள்ளுபடியில் பழைய மாடல் கிடைத்தால், ஒரே மாதிரி இரண்டாக வாங்குவது படகுக்காரருக்கு லாபம். பின்னாளில் ஒன்று மற்றதற்கு உதிரி தரும்.

பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பாகப் படத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண் இருக்கும். சென்னைக்குப் போகிறவரிடம் ரீலின் போட்டோவையும் ‘இதே மாதிரி’ என்ற வார்த்தையையும் கொடுத்தனுப்பினால் தப்பான சாமான்தான் கப்பலேறி வரும். ரீலின் அடிக்காலில் பொறித்த குறியீட்டையும் அந்தப் பாக எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.